கிராப்: அள்ளியா, கவ்வியா?

வணக்கம். கடலில் காற்றாலை நிறுவும் முன் செய்யப்படும் கடலடி ஆய்வுக்கான சொற்பட்டியலில் மூன்று சொற்கள் முடிவாகவில்லை. கப்பலிலிருந்து கம்பியில் இறக்கி அடிமண்ணை எடுத்துவரும் கிராப் என்ற கருவிக்கு ‘வண்டல் அள்ளி’ என்பது என் முன்மொழிவு. கடல் தரையில் படிந்து கிடக்கும் துகள்களான செடிமென்டுக்கு வண்டல், அந்தத் தரையிலும் அதற்குள்ளும் வாழும் உயிரிகளான பெந்தாஸுக்கு ‘ஆழ்கடல் உயிரிகள்’. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

*

> பெந்தாஸுக்கு ‘ஆழ்கடல் உயிரிகள்’

இது பொருந்தாது ஐயா. அடியில் ஊன்றி நிறுத்தும் காற்றாலைகள் பெரும்பாலும் அறுபது மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில்தான் வருகின்றன. ஆழ்கடல் என்று கடலியலார் பேசத் தொடங்குவதே சுமார் 200 மீட்டருக்குக் கீழே. ஓதம் வற்றிய சேற்றில் நெளியும் புழுவும் பெந்தாஸ்தான். ‘கடலடி உயிரிகள்’ போதும்.

> செடிமென்டுக்கு வண்டல்

வண்டல் ஏற்கெனவே ஓர் அளவுக்குப் பெயர். துகள் 4 மைக்ரானுக்குக் கீழ் இருந்தால் களி, 4 முதல் 63 மைக்ரான் வரை வண்டல், அங்கிருந்து 2 மில்லிமீட்டர் வரை மணல், அதற்கு மேல் சரளை. மொத்தத்தையும் வண்டல் என்றால், ‘இந்த வண்டலில் வண்டலே இல்லை, எல்லாம் சரளை’ என்று அறிக்கை எழுத வேண்டிவரும்! படிவு என்று வைத்துவிட்டால் நான்கையும் அதற்குள் அடக்கலாம்.

கிராப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வான் வீன் வகையில் எதிரெதிரான இரண்டு வாளிகள், நீண்ட கைகளோடு. தரையைத் தொட்டுக் கம்பி தளர்ந்ததும் கொக்கி கழன்றுவிடும். மேலே இழுக்கும்போது வாளிகள் மண்ணைக் கடித்து மூடும். அது அள்ளுவதில்லை, கவ்வுகிறது. ஆகவே ‘கவ்வி’.

*

படிவு, கடலடி உயிரிகள் இரண்டும் சரி. ஆனால் ஹேமன் கிராப் என்று ஒன்று இருக்கிறதே? அதில் இரண்டு தாடைகள் கிடையாது. ஒரே வாளி, சுழலும் கையில் பொருத்தியது. கருவியைத் தாங்கும் சட்டம் தரையில் உட்கார்ந்ததும் கம்பியை இழுத்தால் வாளி மண்ணை வாரிக்கொண்டு போய், ரப்பர் ஒட்டிய தகட்டில் முட்டி மூடிக்கொள்ளும். அதைக் கவ்வி என்பது எப்படிப் பொருந்தும்? பேசாமல் எல்லாவற்றுக்கும் அள்ளி என்றே வைத்து, முன்னால் பெயரைச் சேர்த்துவிடலாம்: வான் வீன் அள்ளி, ஹேமன் அள்ளி. வாசகருக்கு எதற்கு இரண்டு சொல்?

*

> வாசகருக்கு எதற்கு இரண்டு சொல்?

ஏனென்றால் வான் வீன் கவ்வி, ஹேமன் அள்ளி இரண்டிலும் கிடைக்கும் மாதிரி வேறு. இரண்டுமே 0.1 சதுர மீட்டர் பரப்பை எடுப்பவையாகவே பெரும்பாலும் வருகின்றன. அட்டவணையில் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். அங்கேதான் சிக்கல்.

கவ்வியில், ஒழுங்காக மூடியிருந்தால், படிவின் மேற்பரப்பு குலையாமல் வருகிறது. மேல்மூடியைத் திறந்து அளவுகோலைச் செருகி ஆழம் பார்க்கலாம்: மணலில் 5 செ.மீ., சேற்றில் 7 செ.மீ. தேறவில்லையென்றால் மாதிரியைத் தள்ளிவிடுவது வழக்கம். மேல் 2 செ.மீ.யைத் தனியே வழித்து வேதிச் சோதனைக்கு அனுப்பலாம். உலோகங்களுக்கு என்றால் பிளாஸ்டிக் கரண்டி, ஹைட்ரோகார்பனுக்கு என்றால் உலோகக் கரண்டி. மாற்றிப் பிடித்தால் கரண்டியே மாதிரியைக் கெடுத்துவிடும்.

சரளைத் தரையில் இதே கவ்வி கையை விரித்துவிடும். விரலளவு கல் ஒன்று தாடைகளுக்கு நடுவே மாட்டினால் போதும். மேலே வரும் வழியெல்லாம் நுண்துகளும் சிறு உயிரிகளும் அந்த இடுக்கு வழியே ஒழுகிப்போகும். கப்பல் தளத்தில் வைத்துப் பார்க்கும்போது பாதி வாளி சரளை இருக்கும், நல்ல மாதிரி போலவே தோன்றும். அதை ஏற்றுக்கொண்டால் வண்டலின் பங்கும் புழுக்களின் எண்ணிக்கையும் உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். அலை அடிக்கும் நாளில் கம்பி ஒரு கணம் தளர்ந்து நடுநீரிலேயே கொக்கி கழன்றுவிடுவதும் உண்டு. கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச்சை வேகமாக விட்டால், கருவிக்கு முன்னால் தள்ளப்படும் நீரே மேற்பரப்பு மென்படிவைக் கலைத்துவிடும்; கடைசிச் சில மீட்டரில் மெதுவாக இறக்கச் சொல்வது அதனால்தான்.

ஹேமனில் கல் பிரச்சினை அநேகமாக இல்லை. ஆனால் வாரும்போதே மண் புரண்டுவிடுகிறது. எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாது. துகள் அளவுச் சோதனைக்கு அரை லிட்டர் எடுத்துக்கொண்டு, மீதியை உயிரிகளுக்காகச் சலிக்கலாம். மேல் 2 செ.மீ. என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எனவே, அறிக்கையில் ‘அள்ளி மாதிரி’ என்று கண்டவுடனே மேலடுக்கு வேதி அளவுகள் இதிலிருந்து வந்திருக்க முடியாது என்று வாசகருக்குப் புரிய வேண்டும். ‘கவ்வி மாதிரி, சரளைப் படிவு’ என்றிருந்தால், எத்தனை மாதிரி தள்ளப்பட்டது என்று கேட்கத் தோன்ற வேண்டும். இரண்டு சொல்லுக்கு நான் வாதாடுவது இதற்காகத்தான்.

*

ஏற்கிறேன். கவ்வி, அள்ளி இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே சேர்த்துவிடுகிறேன். அப்படியே இன்ஃபானா, எபிஃபானா? படிவுக்குள் புதைந்து வாழ்பவை ‘உள்வாழி’, மேலே ஒட்டியோ ஊர்ந்தோ வாழ்பவை ‘மேல்வாழி’ என்று எண்ணினேன்.

*

மேல்வாழி நன்று. உள்வாழி என்றால் இன்னொரு உயிரியின் உடலுக்குள் வாழ்வது என்று மயங்க இடமுண்டு. ‘புதைவாழி’ என்றால் அந்த மயக்கம் தீரும். நண்டு, நட்சத்திரமீன் போன்ற மேல்வாழிகளைக் கணக்கெடுக்கக் கவ்வியும் அள்ளியும் உதவா. அதற்குக் கேமராவை இறக்க வேண்டும். எப்படியும் கேமரா முதலில் போக வேண்டும் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். சபெல்லாரியா புழுக்கள் மணல் துகள்களை ஒட்டிக் குழாய் குழாயாகக் கட்டிய திட்டு கீழே இருந்தால் அங்கே எந்த வாளியையும் இறக்கக் கூடாது.

சல்லடைக்குப் புதுச்சொல் தேவையில்லை, ஆனால் கண்ணளவைச் சொல்லாமல் அந்தச் சொல்லை விடாதீர்கள். கட்டுமானத்துக்கு முன் 1 மி.மீ., பின்பு 0.5 மி.மீ. என்று சலித்தால் இரண்டு எண்ணிக்கையையும் நேரடியாக ஒப்பிட வழியில்லை. சலிக்கும்போது நீரை வேகமாகப் பீய்ச்சினால் புழுக்கள் துண்டாகும். துண்டுகளில் தலையை மட்டும் எண்ணுவதுதான் முறை. உயிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போராக்ஸ் சேர்க்காவிட்டால் அமிலம் ஏறிச் சிப்பி ஓடுகள் கரையும். இனம் காண ஓடே மிஞ்சாது.

டே கிராப் என்ற இன்னொரு வகையும் கவ்விதான். சட்டத்துக்குள் நிற்பதால் ‘சட்டக் கவ்வி’. பாக்ஸ் கோரர் என்ற கருவிதான் இரண்டிலும் சேரவில்லை: பெட்டி நேராக மண்ணில் இறங்கியபின் மண்வெட்டித் தகடு ஒன்று அடியில் சுழன்று வந்து மூடுகிறது. ‘பெட்டி வெட்டி’ என்று சொல்லிப் பார்த்தேன், காதுக்கு இதமாக இல்லை. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.