பணத்தைத் தள்ளிவைத்து மதிப்புகளை எடைபோடுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. சுதந்திரம், பாதுகாப்பு, அந்தரங்கம், சமத்துவம் எல்லாம் ஒன்றோடொன்று முட்டும்போது சமூகங்கள் எதை வைத்து ஒப்பிடுகின்றன என்று கட்டுரை எழுதுகிறேன். பாதியில் சிக்கி நிற்கிறேன். எல்லாவற்றையும் பணமாக மாற்றும் முறைகள் வேண்டாம், அவை ஏராளமாகக் கிடைக்கின்றன.

பணம் இல்லாத அளவுகோலுக்கு மருத்துவத் துறையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஆயுளையும் வாழ்க்கைத் தரத்தையும் பெருக்கி ஒரே அலகாக்குகிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு ஓராண்டு வாழ்ந்தால் 1, மரணம் 0. மரணத்தைவிட மோசம் என்று மக்கள் கருதும் நிலைகளுக்கு எதிர்மறை எண்கூட வரும்! கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் முதியவரின் ஓராண்டும் குழந்தையின் ஓராண்டும் சமமா என்பதை அந்த எண்ணே சத்தமில்லாமல் முடிவுசெய்துவிடுகிறது. எனக்கு அது உறுத்துகிறது.

சரி, வாக்கெடுப்பு என்றால்? பெரும்பான்மை விருப்பம் வட்டமடிக்கக்கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-லேயே காட்டிவிட்டார்: அ-வைவிட ஆ மேல், ஆ-வைவிட இ மேல், இ-யைவிட மறுபடி அ மேல்!

சில மதிப்புகளுக்குப் பொது அளவுகோலே கிடையாது என்ற தத்துவ அறிஞர் இசாயா பெர்லினின் வாதமும் தெரியும். அதை ஒப்புக்கொண்ட பிறகும் முடிவெடுத்தாக வேண்டுமே, அங்கேதான் தடுமாறுகிறேன்.

அயர்லாந்தில் 2016-ல் தொடங்கிய, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களைக் கூட்டிப் பேசவைத்த குடிமக்கள் பேரவை போல, மதிப்புகளுக்கு எண் போடாமல் கலந்துபேசி முடிவுக்கு வரப் பார்த்த வேறு முயற்சிகள் தெரியுமா? தோற்றுப்போனவையாக இருந்தால் இன்னும் நல்லது. தத்துவம், சட்டம், மானுடவியல் படித்தவர்கள் எளிமையான வாசிப்பு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.