கன்ட்ரோல் குழியில் செல்கள் பெருகியபோது

ஆராய்ச்சியில் சேர்ந்து இரண்டாவது வருடம். ஆற்று நீர் மாதிரிகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடிக்கும் ரசாயனங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களைப் பிளாஸ்டிக் தட்டின் சிறு குழிகளில் வளர்ப்போம். ஈஸ்ட்ரோஜன் கிடைத்தால் வேகமாகப் பெருகும், இல்லாவிட்டால் மந்தமாகக் கிடக்கும். ஈஸ்ட்ரோஜன் வகைகளில் முக்கியமான எஸ்ட்ரடயால் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், எண்ணிக்கை ஏறிவிடும்.

ஆறாம் நாள் ட்ரிப்சின் என்ற நொதி போட்டுச் செல்களைப் பெயர்த்து, இறந்த செல்களை நீலமாக்கிக் காட்டும் ட்ரைபன் புளூ சாயம் கலந்து எண்ணினேன். மாதிரி போட்ட குழியும் எதுவும் போடாத கன்ட்ரோல் குழியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. "பாதிப்பு இல்லை" என்று நோட்டில் எழுதிவிட்டேன். இப்படியே இரண்டு மாதம், வரிசையாக மாதிரிகள்.

சீனியர் அக்கா ஒருநாள் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "எஸ்ட்ரடயால் போட்ட குழி எங்கே?" என்று கேட்டார். செல்கள் நிச்சயம் பெருகியிருக்க வேண்டிய குழி அது. காட்டினேன். அதுவும் கன்ட்ரோலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். "அப்படியென்றால் உன் கன்ட்ரோலுக்கே யாரோ ஈஸ்ட்ரோஜன் ஊட்டுகிறார்கள்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

செல்கள் வளரச் சேர்க்கும் ரத்தச் சீரம் மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் ஹார்மோன்களை நீக்க அதைக் கரித்தூளில் சுத்திகரித்துத்தான் பயன்படுத்தியிருந்தேன். பிறகு அக்கா, செல்களை வளர்க்கும் திரவமான மீடியத்தின் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அழகான இளஞ்சிவப்பு. அந்த நிறம் ஃபீனால் ரெட். மீடியம் புளித்தால் மஞ்சளாகி நம்மை எச்சரிக்கும் சாயம், தினமும் நான் நம்பிப் பார்த்த நிறம். வழக்கமான மீடியத்தில் இருக்கும் அளவிலேயே ஃபீனால் ரெட் இந்தச் செல்களை ஈஸ்ட்ரோஜன் போலத் தூண்டுகிறது என்று 1986-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. சாயத்தோடு ஒட்டி வரும் ஒரு கலப்புப் பொருள்தான் காரணம் என்று பின்னால் கண்டார்கள். நான் அதைப் படிக்கவே இல்லை.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனென்ஷைனும் இதே செல்களோடு இதே சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத குழிகளிலும் செல்கள் பெருகின. துருவித் துருவிப் பார்த்ததில், பிளாஸ்டிக் குழாயிலிருந்து, ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் நோனைல்ஃபீனால் என்ற ரசாயனம் கசிந்துகொண்டிருந்தது. 1991-ல் வெளியிட்டார்கள். கன்ட்ரோல் கெட்டுப்போனதை எரிச்சலோடு தூக்கி எறியாமல் அதன் பின்னாலேயே போனார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை கூடுகிறது.

நம் துறையில் தப்பான "ஆபத்து" முடிவை எல்லோரும் கேள்வி கேட்பார்கள். தப்பான "பாதிப்பு இல்லை" அப்படியே நழுவிப் போய்விடும். அடிமட்டமே ஏறிக் கிடந்தால் மாதிரியின் வேலை எங்கே தெரியும்?

சாயமில்லாத மீடியம் வாங்கினோம். மாதிரி எதுவும் இல்லாமல், கன்ட்ரோலும் எஸ்ட்ரடயாலும் மட்டும் வைத்து முதலில் ஒரு பிளேட் போட்டேன். இப்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு குழியில் செல்கள் திட்டுத் திட்டாகச் சிதறி இருந்தன, மற்றதில் தரையே தெரியாத அளவுக்கு நெருக்கம். சரி என்று, உறைநிலையில் வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். "பாதிப்பு இல்லை" என்று நான் எழுதியிருந்தவற்றில் மூன்று, செல்களைத் தெளிவாகவே பெருக்கின.