மங்கோலியாவின் ஐராக்: ஏன் இவ்வளவு கடைய வேண்டும்?

கேள்வி: குதிரைப்பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் ஐராக்கை ஆயிரக்கணக்கான தடவை கடைகிறார்களே, இது வெறும் சடங்கா? நம் தயிர் போல உறை ஊற்றி வைத்தால் ஆகாதா?

பதில் 1: ஆகாது. குதிரைப்பாலில் கேசீன் (பாலை உறையவைக்கும் புரதம்) குறைவு, தயிர் போல் கெட்டியாக உறையாது. ஆனால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 6 சதவீதத்துக்கு மேல், பசும்பாலைவிட அதிகம். அதை பாக்டீரியா புளிக்கவைக்கிறது, ஈஸ்ட் மதுவாக்குகிறது. மது சுமார் 2 சதவீதம்தான். கடையும்போது காற்று கலந்து ஈஸ்ட் பெருகும், புரதமும் திரளாது. கடைவது குறைந்தால் புளிப்பு மட்டும் ஏறும், நுரை வராது, அடியில் திப்பி தங்கும்.

பாத்திரம் ஹோஹூர் என்கிற மாட்டுத்தோல் பை. பழைய ஐராக்கைக் கொஞ்சம் விட்டுவைத்தால் அதுவே உறை. அதில் பாலை ஊற்றி, பூலூர் என்ற மர மத்தால் குறைந்தது 500 தடவை கடைவார்கள். இந்த முறை 2019-இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுகள் பட்டியலில் சேர்ந்தது.

பதில் 2: முக்கியமானதை விட்டுவிட்டீர்கள், பாலை ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். கறந்த சூட்டோடு ஊற்றினால் புளிப்பு முந்திக்கொள்ளும்.

கறப்பதும் லேசில்லை. முதலில் குட்டியை ஊட்டவிட்டால்தான் பால் இறங்கும். மடி சிறியது, அதனால் பகலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கறக்கிறார்கள். கோடையில் தொடங்கி இலையுதிர்காலம் வரைதான் இந்த வேலை.

கேட்டவர்: நன்றி. விருந்தாளியாகப் போனால்?

பதில் 2: கிண்ணத்தை வலது கையால் வாங்குங்கள், இடது கை முழங்கையைத் தாங்கட்டும். வேண்டாமென்றாலும் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பழகாத வயிறு கலங்கும், முதல் நாள் அரைக் கிண்ணம் போதும்.