ரத்ததான முகாம் பதிவுப் படிவத்தில் ‘ஆம் என்றால் மட்டும்’ கேள்விகள்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடத்துகிறோம். பதிவுப் படிவம் தயாரிப்பது என் பொறுப்பு. கூகுள் ஃபார்ம்ஸ்தான். ஒரு பதிலைப் பார்த்து அடுத்த கேள்வி மாறுகிற மாதிரி வைப்பதில் நான் கண்டதை எழுதுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

ரத்தம் கொடுக்க வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க முடியாது. முன்பு கொடுத்தவர் ஆண் என்றால் 90 நாள், பெண் என்றால் 120 நாள் கழிந்திருக்க வேண்டும். 65 வயது வரை கொடுக்கலாம். ஆனால் முதல்முறை கொடுப்பவருக்கு 60 வயதுதான் எல்லை. பிரசவமாகி ஓராண்டு ஆகாதவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் கொடுக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் பாதிப் பேர் பாதியிலேயே மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

கூகுள் ஃபார்ம்ஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியும், கீழே விரியும் பட்டியலும் மட்டும்தான், விடையைப் பொறுத்து ஆளைப் படிவத்தின் வேறு பகுதிக்கு (தனிப் பக்கமாக வரும் கேள்வித் தொகுப்புக்கு) அனுப்பும். தேதி கேட்டாலோ, எண்ணைத் தட்டச்சு செய்யச் சொன்னாலோ, பல விடைகளை டிக் செய்யச் சொன்னாலோ அதை வைத்துப் பாதையைப் பிரிக்க முடியாது. அதனால் “கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி?” என்று கேட்காமல், “மூன்று மாதத்துக்குள்”, “மூன்று முதல் நான்கு மாதம்”, “நான்கு மாதத்துக்கு மேல்” என்று விடைகளைக் கொடுத்திருக்கிறேன். எடைக்கும் அப்படியே: 45 கிலோவுக்குக் கீழ், 45 முதல் 55, 55க்கு மேல். 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுக்கலாம். 450 மில்லி எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். எந்தப் பையை எத்தனை கொண்டுவருவது என்று ரத்த வங்கிக்காரர்கள் கேட்கும்போது இந்தக் கணக்கு அப்படியே கைகொடுக்கிறது.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அடுத்து எங்கே போவது என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்திருக்கும் பகுதிக்குப் போய்விடும். வேறொரு அமைப்பின் முகாமுக்குப் பதிவு செய்தபோது இதை நேரில் பார்த்தேன். ஆண் என்று குறித்து, அதற்கான கேள்விகளை முடித்து ‘அடுத்து’ என்று தட்டினால், “தற்போது கருவுற்றிருக்கிறீர்களா?” என்று வந்து நின்றது. கட்டாயக் கேள்வி வேறு. “இல்லை” என்று போடாமல் நகர முடியவில்லை.

— பதில் —

தம்பி, நான் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துப் படிவம் நிரப்புகிறவன். நீங்கள் சொல்வது போலப் பகுதி பகுதியாகப் பிரித்தால் எனக்குச் சிரமமில்லை. சில தளங்களில் அதே பக்கத்திலேயே கேள்வி திடீரென்று முளைக்கும். “ஆம்” என்று தட்டியதும் புதுக் கேள்வி அதற்குக் கீழே வந்தால் வாசித்துக்கொண்டே போய்விடலாம். ஒரு வேலைவாய்ப்புப் பதிவில் அது மேலே முளைத்தது. நான் ஏற்கெனவே தாண்டி வந்த இடம். கடைசி வரை போய்ச் சமர்ப்பித்தால் “ஒரு விவரம் விடுபட்டுள்ளது” என்கிறது, எது என்று சொல்லவில்லை. என் மகளைக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன். கேள்வி எங்கே பிறக்கிறதோ அதற்கு நேர் அடுத்து வரட்டும், அது போதும்.

— பதில் —

அய்யா சொன்னதோடு இன்னொன்று. சொந்தமாக நிரல் எழுதிப் படிவம் செய்பவர்கள் கேள்வியை மறைத்துவிடுவார்கள், அது கட்டாயம் என்ற குறியை எடுக்க மாட்டார்கள். குரோமில் சமர்ப்பிக்கும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கண்ணுக்குத் தெரியாத கேள்விக்குப் பதில் கேட்டு உலாவி நிறுத்திவைத்திருக்கும். மறைக்கும்போதே கட்டாயத்தையும் நீக்க வேண்டும்.

— பதில் —

அண்ணா, கைக்குழந்தை இருந்தபோது ஒரு முகாமுக்குப் பதிவு செய்யப் போனேன். தாய்ப்பால் கேள்விக்கு “ஆம்” என்றேன். “நீங்கள் தகுதியற்றவர். நன்றி” என்று படிவம் முடிந்துபோனது. பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது. பால் மறந்த பிறகு கொடுக்கலாம்தானே? என்னைக் கூப்பிட அவர்களிடம் நம்பரே இல்லை.

— பதில் —

தங்கச்சி, கண்டிப்பாகக் கொடுக்கலாம். பிரசவமாகி ஓராண்டு ஆகி, பால் கொடுப்பதும் நின்றிருந்தால் போதும். எங்கள் படிவத்தில் “இப்போது முடியாது” என்கிற எல்லாப் பாதையும் ஒரே பகுதிக்குத்தான் போய்ச் சேரும். அங்கே பெயர், கைபேசி எண், எந்த மாதத்துக்குப் பிறகு கூப்பிடலாம் என்று மூன்றே கேள்வி. “தகுதியற்றவர்” என்ற சொல்லே கிடையாது. கருக்கலைப்பு, பால்வினை நோய் மாதிரி விஷயங்களை நான் படிவத்தில் சேர்ப்பதே இல்லை. பதில்கள் ஒரு விரிதாளில் விழுகின்றன, அதை எங்கள் குழுவில் பலர் திறந்து பார்க்கிறார்கள். முகாமில் மருத்துவர் தனியாக உட்காரவைத்து எப்படியும் கேட்பார். அங்கே சொன்னால் போதும்.