பேக் பட்டன் அழுத்தினால் பேக் போகவில்லை, அவசரம்

மல்லிப்பந்தல்:
அப்பா போனில் பேக் பட்டனை அழுத்தினால் பேக் போகாமல், திறந்து வைத்த ஆப் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக வந்து நிற்கிறது. வைரஸா? ரீசெட் போட்டுவிடலாமா? அவர் ஊரில், நான் சென்னையில். போனிலேயே சொல்லித்தான் செய்ய வைக்க வேண்டும்.

கடைசிபெஞ்ச்:
என்ன போன்? எந்த ஆண்ட்ராய்டு? ரீசெட் மட்டும் போட்டுவிடாதீர்கள். பேக்கப் இல்லை என்றால் போட்டோ எல்லாம் போய்விடும்.

சாரல்75:
டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருக்கிறதா? மட்டமான கண்ணாடி என்றால் ஓரத்தில் தொடுவது சரியாகப் பதியாது. என் மச்சானுக்கும் இதே கதை. முதலில் அதைப் பிய்த்துப் போடுங்கள்.

ரூட்ராசா:
கண்ணாடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏதாவது லாஞ்சர், அதாவது முகப்புத் திரையையே மாற்றிவிடும் ஆப், ஏற்றியிருப்பார். நாமாக ஏற்றிய ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள்.

மல்லிப்பந்தல்:
லாஞ்சர் என்றால் என்னவென்றே அப்பாவுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு 14.

தொல்பொருள்:
கேள்வி நான்கு, பதில் ஒன்றரை. இப்படிக் கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும் தம்பி. எப்படிக் கேட்பது என்று மேலே ஓர் இழையே ஒட்டி வைத்திருக்கிறேன், ஒருவரும் படிப்பதில்லை. கீழே எத்தனை பட்டன்? எந்தப் பக்கம் என்ன குறி?

மல்லிப்பந்தல்:
தம்பி இல்லை, தங்கை. மூன்று பட்டனாம். இடது ஓரம் சதுரம், நடுவில் வட்டம், வலது ஓரம் முக்கோணம்.

கடைசிபெஞ்ச்:
அப்படியானால் போன் நன்றாகத்தான் இருக்கிறது. புதுப் போனா?

மல்லிப்பந்தல்:
ஆமாம், பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தேன். சொல்லவில்லையா? பழையது வேறு கம்பெனி.

கடைசிபெஞ்ச்:
அதுதான் விஷயம். பழைய போனில் பேக் இடது ஓரத்தில் இருந்திருக்கும். விரல் பழக்கத்தில் அங்கேயே போகிறது. அங்கே இப்போது இருப்பது ரீசன்ட்ஸ், திறந்த ஆப்களை வரிசையாகக் காட்டும் பட்டன். செட்டிங்ஸில் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'நேவிகேஷன்' என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பெனி அதை டிஸ்ப்ளேக்குள் வைத்திருக்கும், இன்னொன்று ஹோம் ஸ்கிரீனுக்குள், மற்றொன்று சிஸ்டத்துக்குள். உள்ளே போனால் பட்டன் வரிசையை மாற்ற வழி இருக்கும்.

மல்லிப்பந்தல்:
தேடினால் ஒன்றும் வரவில்லையாம். போன் தமிழில் இருக்கிறது.

தொல்பொருள்:
இதையும் இப்போதுதான் சொல்கிறீர்கள். 'வழிசெலுத்தல்' என்று தேடச் சொல்லுங்கள்.

ரூட்ராசா:
எதற்கு இவ்வளவு பாடு? பட்டனே இல்லாமல் விரலை இழுத்து ஓட்டும் ஜெஸ்சருக்கு மாற்றிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து எந்தப் பக்கவாட்டு ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தாலும் பேக்தான். இடமா வலமா என்ற பேச்சே இல்லை.

சாரல்75:
வயதானவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். கண்ணில் படாத பட்டனை போனில் எப்படி விளக்குவது? போட்டோவைத் தள்ளப் போய் விரல் ஓரத்தில் பட்டால் ஆல்பத்தை விட்டே வெளியே வந்துவிடுவார்.

கனியமுது:
இதற்குத்தான் ஐபோன் வாங்குங்கள் என்பது. எல்லாம் ஒரே மாதிரி.

ரூட்ராசா:
ஒரே மாதிரியா! ஐபோனில் சிஸ்டம் பேக் பட்டனே கிடையாது. ஒரு திரையில் மேல் இடது மூலையில் அம்பு, இன்னொன்றில் பெருக்கல் குறி, வேறொன்றைக் கீழே இழுத்து மூட வேண்டும். 2017-இல் ஐபோன் எக்ஸில் கன்ட்ரோல் சென்டர் (வைஃபை, வெளிச்சம் எல்லாம் மாற்றும் பலகை) மேல் வலது மூலையிலிருந்து வந்தது. அதே வருடத்து ஐபோன் 8-இல் கீழிருந்து வந்தது. இரண்டிலும் ஐஓஎஸ் 11.

கனியமுது:
ஹோம் பட்டனை எடுத்ததால் மாற்றினார்கள். காரணம் இருக்கிறது.

ரூட்ராசா:
காரணம் எல்லாருக்கும்தான் இருக்கிறது. பேக்கை வலது ஓரத்தில் வைத்தால் வலது கட்டைவிரலுக்கு எட்டும். இடதில் வைப்பவன் ஒற்றைக் கையில் போனைப் பிடித்ததே இல்லை.

தொல்பொருள்:
வரலாறு தெரியாமல் பேச வேண்டாம். 2010-இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்ஸில் பேக் வலது. 2011-இல் கூகுளுக்காக கேலக்ஸி நெக்ஸஸ் செய்ததும் சாம்சங்தான், அதில் திரைக்குள்ளே, இடது. செய்த கை ஒன்றுதான், சொன்னவர் வேறு.

சாரல்75:
அந்தப் பொண்ணு கேட்டது என்ன, நீங்கள் பேசுவது என்ன. கண்ணாடியைப் பார்த்தாரா இல்லையா?

மல்லிப்பந்தல்:
மாறிவிட்டது, நன்றி. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணையாமல் ஏதோ ஒரு குரல் பேசுகிறதாம். அதற்குத் தனி இழை போடவா?

கடைசிபெஞ்ச்:
போடுங்கள். முதல் வரியிலேயே மாடலை எழுதிவிடுங்கள்.