ஒப்பந்தம் 3.85 லட்சம், பில் 6.12 லட்சம்: தோட்டப் பணிக்கான கூடுதல் தொகையைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கோத்தகிரி வீட்டுக்காரர்:

கோத்தகிரிக்கு அருகே சரிவான நிலத்தில் எங்களுக்கு வீடு கட்டித் தந்த ஒப்பந்ததாரரிடமே, வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைச் சமன்படுத்தித் தோட்டம் அமைக்கும் வேலையையும் ஒப்படைத்திருந்தோம். அவர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனில், நிலத்தை இரண்டு தட்டுகளாகச் சமப்படுத்துதல், 60 அடி நீளம், 4 அடி உயரம், 2 அடி அகலத்தில் கருங்கல் தடுப்புச் சுவர், கற்படிகள், புல்தரை, செடிகள் ஆகிய அனைத்துக்கும் வரி உட்பட 3,85,000 ரூபாய் என்றிருந்தது. சுவருக்குக் கன அடிக்கு 200 ரூபாய் என்றும், "அடிமானம் உட்பட, தரைக்கு மேல் 4 அடி" என்றும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. இதில் 3,50,000 ரூபாயை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

இப்போது வந்திருக்கும் இறுதி பில் 6,12,000 ரூபாய். கூடுதலாகக் கேட்கும் 2,27,000 ரூபாயில் சுவருக்கு 1,20,000, மண் அகற்றியதற்கு 35,000, "அனுமதிச் செலவு" என்று 25,000, இவை மூன்றின் மீதும் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாக 32,400, தலைச்சுமைக் கூலியாக 14,600 ரூபாய் உள்ளன. சுவர் 6 அடியாக உயர்த்தப்பட்டது உண்மைதான். ஆனால் அதற்கு இவ்வளவு ஆகும் என்று வேலை நடந்தபோது ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. "மேடு செங்குத்தாக இருக்கிறது, 4 அடி போதாது, உயர்த்துகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். "சுவர் பலமாக இருந்தால் சரி" என்று பதில் அனுப்பினேன். எழுத்தில் தொகை பேசாத வேலைக்குப் பணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்பது என் நிலைப்பாடு.

குன்னூர் ஒப்பந்ததாரர்:

ஐயா, தங்கள் பதிவிலேயே தங்களுக்கான பதிலும் இருக்கிறது. உயர்த்தப் போவதாக அவர் எழுத்தில் தெரிவித்தார், தாங்களும் எழுத்தில் சரி என்றீர்கள், கல் ஏற ஏறப் பார்த்துக்கொண்டும் இருந்தீர்கள். வேலை முடிந்து, சுவர் தங்கள் நிலத்தைத் தாங்கி நிற்கும்போது, தொகையைச் சொல்லவில்லையே என்று கேட்பது நியாயமாகாது. கன அடிக்கு 200 ரூபாய் என்ற விலை கொட்டேஷனிலேயே இருக்கிறது. உயரம் கூடினால் கன அடி கூடும், கன அடி கூடினால் தொகை கூடும். இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்தி வட்டாரங்களில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். ஒப்பந்தப்படியே 4 அடியோடு நிறுத்தி, அடுத்த மழையில் மேட்டுமண் உள்ளே வந்திருந்தால், அதே ஒப்பந்ததாரர் மீது வேறொரு புகாரைத் தாங்கள் இங்கே எழுதியிருப்பீர்கள்.

கோத்தகிரி வீட்டுக்காரர்:

பலமாக இருந்தால் சரி என்றுதான் சொன்னேனே தவிர, என்ன விலையானாலும் சரி என்று சொல்லவில்லை. மண் செங்குத்தாக இருக்கிறது என்பது கொட்டேஷன் எழுதுவதற்கு முன் இடத்தைப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டாமா? தொழில் தெரிந்தவர் குறைவாக மதிப்பிட்டு வேலையைப் பெற்றுக்கொண்டு, பாதி வழியில் தேவையைக் கண்டுபிடிப்பதன் சுமை முழுவதையும் தொழில் தெரியாத நான் ஏன் சுமக்க வேண்டும்?

எம்-புக்:

பொதுப்பணித் துறையில் அளவுப் புத்தகம் எழுதியே ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உரிமை யாருக்கு என்ற வாதத்தைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். சுவர் 4 அடியிலிருந்து 6 அடியானால் உயரம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பின்னால் உள்ள மண் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது இரண்டே கால் மடங்காகிறது. ஆகவே அடி அகலத்தை 2 அடியிலிருந்து 3 அடியாக்கியது சரியான வேலையே. அதில் குறை சொல்ல மாட்டேன்.

பில்லில் சுவரின் அளவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். படிக்கட்டை ஒட்டிய முனையில் சுவரின் குறுக்குவெட்டு வெளியே தெரியுமானால், அடியிலும் உச்சியிலும் டேப் வைத்து அகலத்தை அளந்து அதையும் எழுதுங்கள்.

கோத்தகிரி வீட்டுக்காரர்:

பில்லில் 60 × 6 × 3 = 1,080 கன அடி என்றிருக்கிறது. முனையில் அளந்தேன். அடியில் 3 அடி, உச்சியில் ஒன்றரை அடி.

எம்-புக்:

நான் சந்தேகப்பட்டது இதுதான். மேலே போகப் போக ஒடுங்கும் சுவரை அடி அகலத்தைக் கொண்டே உச்சி வரை அளந்தால், கட்டாத கல்லுக்கும் பணம் கேட்பதாகிறது. 3 அடிக்கும் ஒன்றரை அடிக்கும் சராசரி இரண்டே கால் அடி. 60 × 6 × 2.25 = 810 கன அடி. கொட்டேஷனில் உள்ள 480 கன அடியைக் கழித்தால் கூடுதல் வேலை 330 கன அடி, 200 ரூபாய் வீதம் 66,000 ரூபாய். பில்லில் கேட்டிருப்பது 1,20,000. ஆக, சுவர் ஒன்றில் மட்டும் 54,000 ரூபாய் அதிகம். கல் கட்டை அளப்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. தனியார் வேலையில் அதைத் திறந்து பார்ப்பவர்தான் இல்லை.

மண் கணக்கும் இதே வகைதான். வெட்டுவதற்கு முன் நிலத்தில் இருந்த அளவைக் காட்டிலும் வெட்டிப் போட்ட மண் ஏறத்தாழ கால் பங்கு உப்பும். உதாரணமாக, 14 யூனிட், அதாவது 1,400 கன அடி அகற்றியதாக அவர் சொன்னால், வெட்டிய இடத்தின் நீள அகல ஆழத்தை அளந்து கால் பங்கைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையில் பெரிய வேறுபாடு வராது என்றே நினைக்கிறேன்.

குன்னூர் ஒப்பந்ததாரர்:

ஐயா சொல்லும் சராசரிக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அளப்பதென்று வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அளந்தால் போதாது. 6 அடிச் சுவருக்குத் தரைக்குக் கீழே குறைந்தது ஒன்றரை அடி ஆழமும் மூன்றரை அடி அகலமும் அடிமானம் போட்டிருப்பார். 60 × 1.5 × 3.5 என்றால் 315 கன அடி, 63,000 ரூபாய். பில்லில் அதற்கு ஒரு பைசா கூடக் கேட்கவில்லை. 54,000 ரூபாயைக் கழிக்கச் சொன்னால், 63,000 ரூபாயைச் சேர்க்கச் சொல்ல அவருக்கும் வாய் இருக்கிறது. நாங்கள் அடிமானத்துக்குத் தனிக் கணக்கு எழுதாமல் சுவரை நேராக அளந்து ஈடுகட்டிக்கொள்வது மலைப்பகுதியில் பலரும் செய்வதுதான். ஏமாற்றுவதற்கென்று செய்வதல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஜே.சி.பி. வைக்க முடியாது. சமவெளியில் அரை நாளில் இயந்திரம் முடிக்கும் வேலையை இங்கே மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு ஆட்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்து விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கோத்தகிரி பில்லைப் படித்தால் எல்லாமே அதிகமாகத்தான் தோன்றும்.

எம்-புக்:

ஈடுகட்டிக்கொள்வதாக இருந்தால் அதைக் கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும். "அடிமானம் உட்பட, தரைக்கு மேல்" என்று எழுதிய பிறகு, 4 அடிச் சுவருக்குரிய அடிமானத்தின் விலை அந்த 200 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. உயரம் கூடியதால் அடிமானம் எவ்வளவு அகலமும் ஆழமும் கூடியதோ, அந்தக் கூடுதலை மட்டும் கேட்கலாம் என்றால் அதை நான் ஏற்பேன். 315 கன அடி முழுவதையும் கேட்பது அதே பொருளை இரண்டு முறை விற்பதாகும். மேலும், ஒன்றரை அடி ஆழம் போட்டிருப்பார் என்பது தங்கள் ஊகம். போட்டாரா என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

உதகை வழக்கறிஞர்:

தொகை பேசாததால் ஒன்றுமே தர வேண்டாம் என்ற வீட்டுக்காரரின் நிலைப்பாடு சட்டத்தில் நிற்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் பதிலையே ஒப்புதல் என்று வாதிட இடமுண்டு. அது ஒப்புதல் ஆகாது என்று வைத்துக்கொண்டாலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70ஆவது பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் நோக்கமின்றி ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்த வேலையின் பயனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். அந்த ஈடு என்பது செய்த வேலையின் நியாயமான மதிப்பே அன்றி, பில்லில் எழுதிய தொகை அல்ல. ஆகவே எம்-புக் ஐயாவின் டேப்தான் இங்கே சட்டத்துக்கும் அடிப்படை.

ஜி.எஸ்.டி. பற்றி: பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா? பதிவு பெறாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய் கூட வசூலிக்கக் கூடாது. சிறு தொழில் செய்வோருக்கான இணக்க முறையில் (காம்போசிஷன்) வரி செலுத்துபவரும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது. எண் இருந்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைப் பதிந்து, பதிவு நடப்பில் உள்ளதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

"அனுமதிச் செலவு" எதற்கு என்று எழுதவில்லையே?

கோத்தகிரி வீட்டுக்காரர்:

பில்லில் எந்த எண்ணும் இல்லை. அனுமதிச் செலவு என்பது மேட்டில் நின்ற இரண்டு சில்வர் ஓக் மரங்களை வெட்டுவதற்காம். ரசீது கேட்டால், "இதற்கெல்லாம் ரசீது தருவார்களா சார்?" என்று சிரிக்கிறார்.

உதகை வழக்கறிஞர்:

சிரிக்கிற செய்தியில்லை இது. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டும். முறையாகப் பெற்றிருந்தால் நில உரிமையாளர் என்ற முறையில் தங்கள் பெயரில் ஓர் ஆணை இருக்கும். ஆணை இல்லையென்றால் அனுமதி இல்லை, அனுமதி இல்லையென்றால் செலவும் இல்லை. ரசீது இல்லாத செலவு என்று அவர் எதைச் சொல்ல வருகிறார் என்பது நமக்குப் புரியாமலில்லை. அதைக் கொடுத்துத் தீர்ப்பது தங்களையும் அதில் பங்காளி ஆக்கும். அந்த 25,000 ரூபாயைப் பற்றிப் பேரம் பேசவே வேண்டாம்.

வட்டக்கானல்வாசி:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். தலைச்சுமைக் கூலி விஷயத்தில் மட்டும் நான் ஒப்பந்ததாரர் பக்கம். எங்கள் பகுதியில் லாரி நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை கல்லும் மணலும் தலைச்சுமையாகவோ குதிரை மீதோதான் வர வேண்டும். லாரி வாடகையை விட இறுதி 200 மீட்டருக்கு ஆகும் கூலி அதிகம். இதைத் தெரிந்துகொண்டே வீடு கட்டியவர்கள் 14,600 ரூபாய்க்குச் சண்டை பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்றி இறக்கிய தொழிலாளர்களின் கூலி அது.

கோத்தகிரி வீட்டுக்காரர்:

அம்மா, தொழிலாளர் கூலியை மறுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வீட்டுக்கு லாரி வராது என்பது வீட்டையே கட்டிய ஒப்பந்ததாரருக்குத் தெரியாததல்ல. ஆகவே கொட்டேஷனில் உள்ள 480 கன அடிக் கல்லுக்கான சுமைக்கூலி அதன் விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கூடுதல் கல்லுக்கு மட்டும் என்றால் கொடுக்கலாம்.

இன்னொரு செய்தி. சுவரை அளக்கப் போனபோது, நீர் வடியும் துளைகளாக அடி வரிசையில் பதித்திருக்கும் பி.வி.சி. பைப்புகளில் ஒரு கட்டுக்கம்பியை விட்டுப் பார்த்தேன். நான்கு அங்குலத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மற்ற பைப்புகளிலும் அப்படியே. கம்பியை வெளியே எடுத்தால் நுனியில் உலர்ந்த சிமெண்டுத் தூள்தான் இருக்கிறது, ஈர மண் இல்லை. இரண்டு நாள் மழை பெய்த பிறகும் ஒரு பைப்பிலிருந்தும் தண்ணீர் சொட்டவில்லை. ஆனால் கல் இடுக்குகளில் ஈரம் கசிந்திருக்கிறது.

எம்-புக்:

அப்படியானால் அவை வெறும் அலங்காரம். கலவை பூசும்போது பைப்பின் துண்டுகளைச் செருகி முகப்பில் காட்டியிருக்கிறார்கள். பைப் சுவரின் முழு அகலத்தையும் ஊடுருவிப் பின்புறம் வரை போக வேண்டும், அங்கே ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, மண்ணின் விசையோடு நீரின் விசையும் சேரும். 6 அடிக்கு உயர்த்தியதன் பயன் முழுவதும் இதில் கெட்டுவிடும். பில்லை விட அவசரமான செய்தி இதுதான்.

குன்னூர் ஒப்பந்ததாரர்:

அது தவறுதான். என் மேஸ்திரி அப்படிச் செய்திருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன். ஆனாலும் அதைக் காரணம் காட்டிச் சுவரின் விலையையே மறுக்க முடியாது. சுவரைத் துளைத்துப் பைப்பைப் பின்புறம் வரை கொண்டுபோக முடியும், மேலிருந்து தோண்டி ஜல்லி நிரப்பவும் முடியும். அதை அவர் செலவிலேயே செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்த பின் பணத்தைக் கொடுங்கள்.

உதகை வழக்கறிஞர்:

செய்ய மறுத்தால் அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. அவரும் சும்மா இருக்க மாட்டார். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தன் பாக்கிக்காக உரிமையியல் வழக்குப் போடலாம். ஆகவே இப்போதே பதிவு வசதியோடு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். ஒப்புக்கொள்ளும் தொகை எது, மறுக்கும் தொகை எது, எந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, இருதரப்பும் சேர்ந்து அளக்க ஒரு தேதியையும் குறிப்பிடுங்கள்.

குன்னூர் ஒப்பந்ததாரர்:

அளக்கும்போது அடிமானத்தையும் அளக்க வேண்டும். அதற்குத் தோண்டும் கூலி யாருடையது?

எம்-புக்:

சுவரின் முன்புறத்தில், இரு முனைகளிலிருந்தும் பத்தடி தள்ளி இரண்டு குழிகள் தோண்டினால் போதும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மேல் தோண்ட வேண்டாம், ஒன்றை மூடிவிட்டே அடுத்ததைத் திறக்க வேண்டும், மழை நாளில் தொடவே கூடாது. 4 அடிச் சுவருக்குத் தேவையானதைக் காட்டிலும் அடிமானம் பெரிதாக இருந்தால் வீட்டுக்காரர் கூலியைக் கொடுக்கட்டும். இல்லையென்றால் ஒப்பந்ததாரர் கொடுக்கட்டும்.

கோத்தகிரி வீட்டுக்காரர்:

இதை ஏற்கிறேன். சுவரின் கூடுதல் வேலைக்கு 66,000 ரூபாய் வரை ஒப்புக்கொள்வதாகவும், துளைகளைச் சரிசெய்த பிறகே அது தரப்படும் என்றும், வரியையும் அனுமதிச் செலவையும் மறுப்பதாகவும் எழுதி, திங்கட்கிழமை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். மண் கணக்கும் சுமைக்கூலியும் சேர்ந்து அளக்கும் நாளில் பேசப்படும். குழி தோண்ட ஆளை நானே ஏற்பாடு செய்கிறேன்.

குன்னூர் ஒப்பந்ததாரர்:

ஆளை அவரே கூட்டி வரட்டும் ஐயா. தங்கள் ஆள் தோண்டினால், தோண்டும்போது அடிமானம் அசைந்துவிட்டது என்று நாளைக்கு அவர் சொல்ல வழியிருக்கிறது.