கேஜ்: ‘சன்ன எண்’ என்று சொல்லலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

விழித்திரை அறுவைக் கருவி எவ்வளவு மெல்லியது என்று காட்டும் எண் ‘கேஜ்’ (gauge). அதற்குத் தமிழில் ‘அளவி’ போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அளவி என்றால் அளக்கிற கருவி; அழுத்த அளவி, எரிபொருள் அளவி என்று அந்தப் பொருளிலேயே ஊன்றிவிட்டது. விழித்திரை அறுவையில் நமக்கு வேண்டியது ஓர் எண்ணுக்குப் பெயர், அதுவும் ஏற ஏறக் கருவி மெலிகிற எண்ணுக்கு.

போன மாதம் என் அத்தைக்கு அந்த அறுவை நடந்தது. ஒப்புதல் படிவத்தில் “27 அளவுக் கருவி பயன்படுத்தப்படும்” என்று இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறொரு அம்மாவுக்கு 23. அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “எனக்கும் 23லயே போடச் சொல்லுப்பா, பெரிய ஓட்டை எதுக்கு?” என்றார். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. கடைசியில், “நூல் நம்பர் மாதிரி அத்தை, 40ஐ விட 80 சன்னம் இல்லையா?” என்றேன். தறி ஓடிய வீட்டில் வாழ்ந்தவர். “அட, அப்படிச் சொல்லு” என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

அதனால்தான் ‘சன்ன எண்’ என்கிறேன். முதலில் ‘நூலெண்’ என்று யோசித்தேன். புத்தகத்தின் எண் என்று படித்துவிடுவார்கள். ‘இழையெண்’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதே அறுவையில் கண்ணுக்குள் விளக்குப் பிடிப்பது ஒளியிழை. இரண்டு இழையும் ஒரே பத்தியில் மோதும். உவமை ஒட்டவைத்ததும் அல்ல. ஊசியின் கேஜ் பழைய பர்மிங்காம் கம்பி அளவிலிருந்து வந்தது. கம்பியைத் துளைத்தகட்டில் இழுக்க இழுக்க மெலியும், எண் கூடும்.

1970களின் தொடக்கத்தில் மயாமியில் கண் மருத்துவர் ராபர்ட் மாகெமர் செய்த, கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி உறிஞ்சும் முதல் கருவி 17. கண்ணின் வெள்ளையில் 2.3 மி.மீ. வெட்டு வேண்டியிருந்தது. பிறகு 20 வந்தது, ஏறத்தாழ 0.9 மி.மீ. 2002இல் தையல் போடாத 25 (0.51 மி.மீ.), 2005இல் 23 (0.64 மி.மீ.), 2010இல் 27 (0.41 மி.மீ.). 25க்குப் பிறகு 23 வந்தது ஏன் என்பதுதான் சுவாரசியம். ஆரம்பகால 25 கருவிகள் வளைந்தன, மருத்துவர் நினைத்த பக்கம் கண்ணைத் திருப்ப முடியவில்லை. கொஞ்சம் தடிமன் கூட்டி விறைப்பை மீட்டார்கள்.

சன்னமானால் எல்லாம் நல்லது என்றும் எழுதிவிடக் கூடாது. 20இல் தையல் உறுத்தும், வெள்ளைப்படலத்தில் தழும்பு விழும், கருவி போய்வரும் இடத்துக்கருகே விழித்திரை கிழியலாம். தையலில்லாத துளையில் வேறு கவலை: நீர் கசிந்து கண்ணின் அழுத்தம் இறங்கலாம். 25 வந்த புதிதில் சில ஆய்வுகள் உள்விழித் தொற்று கூடுவதாகச் சொன்னபோது பலரும் பயந்தார்கள். துளையை நேராகப் போடாமல் சாய்வாகப் போடும் பழக்கம் வந்தபின் எடுத்த ஒப்பீடுகளில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. 27இல் உறிஞ்சும் வேகம் குறையும். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உள்விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அதே அழுத்தத்தில் ஓட்டம் சுமார் 41 சதவீதமாகிவிடும். அதை ஈடுகட்டத்தான் வெட்டும் முனையின் வேகத்தை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இதைச் சிறிய கேஜ் அறுவை என்கிறார்கள், எண்ணோ பெரியது. அதைச் சொல்லுக்குச் சொல் ‘சிறு அளவி அறுவை’ என்று பெயர்த்தால் அத்தையின் குழப்பம் நிரந்தரமாகிவிடும். ‘சன்னத்துளை அறுவை’ என்றால் எண்ணும் துளையும் ஒரே திசையில் போகும்.

சன்னம் தூய தமிழா என்று கேட்பீர்கள். சன்ன அரிசி, சன்ன நூல் என்று கடையிலும் தறியிலும் புழங்குகிற சொல். நோயாளிக்கு விளங்குவதுதான் எனக்கு முக்கியம்.

படிவத்துக்கு நான் எழுதிப் பார்த்த வரி இது: “உங்கள் கண்ணில் 0.4 மி.மீ. அகலமுள்ள மூன்று சன்னத்துளைகள் போடப்படும் (சன்ன எண் 27).” மில்லிமீட்டர் முதலில், எண் பின்னால். 23க்கும் 25க்கும் இடையே 0.13 மி.மீ., 25க்கும் 27க்கும் 0.1 மி.மீ.; எண்ணை மட்டும் பார்த்து யாரும் கணக்குப் போட முடியாது.

துளையில் செருகும் குழலுக்கும் சொல் வேண்டும். ‘வாயிற்குழல்’ என்று வைத்திருக்கிறேன், அது இன்னும் மனசுக்கு உட்காரவில்லை. அறுவை அரங்கில் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.